கருமருந்துக் கைத்துப்பாக்கி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்து விற்ற ஒற்றைக்குண்டுக் கைத்துப்பாக்கி ஒன்று, கோல்ட் 1849 பாக்கெட் ரிவால்வர் இன்னொன்று. இந்த இரண்டின் நகல்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இரண்டிலும் குண்டைத் தள்ளுவது கருமருந்து, அதாவது வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த பழைய வெடிமருந்து. கீழே மருந்து என்று சொல்வதெல்லாம் வெடிமருந்தைத்தான். முதலாவது உள்ளங்கையில் அடங்கிவிடும். 1865 ஏப்ரல் 14 இரவு ஆபிரகாம் லிங்கனைச் சுட்டது அந்த வகைத் துப்பாக்கிதான். இரண்டாவது 0.31 அங்குலக் குண்டு போடும் ஐந்து அறை ரிவால்வர், சிலவற்றில் ஆறு அறை. அதன் காலத்தில் மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் இத்தாலியில், பிரெஷா நகரைச் சுற்றியுள்ள பட்டறைகளில் செய்த நகல்கள்.

இவை பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தாலும், பெரிய துப்பாக்கியைவிட இவற்றைச் சமாளிப்பதுதான் கஷ்டம். காரணம் அளவு. நீளத் துப்பாக்கியில் 70 கிரெய்ன் மருந்து போகிறது. 0.31 ரிவால்வரின் ஓர் அறையில் போவது 10 முதல் 12 கிரெய்ன், அதாவது முக்கால் கிராம் அளவு. அடியில் தேங்கிய ஒரு சொட்டு எண்ணெய் 70 கிரெய்னில் கொஞ்சத்தைத்தான் கெடுக்கும். 10 கிரெய்னில் பாதியைக் கெடுத்துவிடும். ஸ்பிரிங் சிறியது, சுத்தி இலேசானது, கேப்பின் (சுத்தி அடித்ததும் வெடித்து நெருப்புக் கொடுக்கும் சிறு செம்புத் தொப்பி) நெருப்பு போகிற வழி குறுகல். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் எண்ணெய், ஈரம், கரிக்கசடு மூன்றையும் சந்தேகப்படுங்கள். மருந்தின் அளவில் கடைசியாகக் கை வையுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சரியாக வெடிக்கவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் மருந்தைக் கூட்டுகிறார்கள். அது எதையும் சரிசெய்யாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இவற்றைப் பழம்பொருள் கணக்கில் வைத்திருக்கிறது, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஜெர்மனியில் 18 வயது நிரம்பியவர் ஒற்றைக்குண்டு கேப் துப்பாக்கியை வாங்கலாம். மருந்து வாங்கத் தனி அனுமதி வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குழல் வாய்வழியாக வெடிமருந்து போடும் துப்பாக்கிக்கும் உரிமம் கட்டாயம்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் நான்கு விஷயங்கள். இவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

இந்தத் துப்பாக்கிகளில் கருமருந்து, அல்லது அதற்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ் போன்றவை மட்டும்தான். நவீனத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது. குழல் கையிலேயே பிளந்துவிடும். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஒரு பொறி போதும், முழுக் குடுவையும் கையில் வெடிக்கும். தனி அளவைக் குப்பியில் எடுத்து, அதிலிருந்து ஊற்றுங்கள். கண்ணாடி, காதுக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால், எந்தக் காரணமாக இருந்தாலும் சரி, முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும், ஒரு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். உள்ளே மெதுவாகப் பற்றிக்கொண்டிருக்கலாம். எட்டிப் பார்ப்பது, திருப்பிப் பார்ப்பது எல்லாம் அந்த நிமிடம் போன பிறகும் வேண்டாம்.

முதல் அடிக்குக் கேப் வெடிக்கவில்லை, இரண்டாவது அடிக்கு வெடிக்கிறது

இந்த அறிகுறி நன்மை செய்கிறது, ஏனென்றால் காரணத்தை அதுவே சொல்லிவிடுகிறது. முதல் அடி கேப்பை நிப்பிளின் மேல் (கேப் உட்காரும் துளையுள்ள சிறு முளை அது) உள்ளே தள்ளியது. இரண்டாவது அடி அதை வெடிக்க வைத்தது. கேப் முழுசாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

கேப்பின் உள்ளே இருக்கும் வெடிப்பொருள் நிப்பிள் முகத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கடையில் 10, 11 என்று எண் போட்டு விற்பார்கள். ஆனால் ஒரு கம்பெனியின் 10 இன்னொரு கம்பெனியின் 10 போல இருக்காது. எண்ணை நம்பாமல் பொருத்திப் பாருங்கள். விரலால் அழுத்தும்போது இறுக்கமாக இறங்கி, தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாமல், ஆனால் ஓரம் கிழியாமல் உட்கார வேண்டும். கடைசி அழுத்தத்துக்கு ஒரு மரக்குச்சியை வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியை மெல்ல இறக்கி அதனால் அழுத்துவதைச் சிலர் செய்கிறார்கள். அது விபத்தை விலை கொடுத்து வாங்குகிற வேலை.

கேப் இறுக்கமாக இருந்து பாதியில் நின்றால் நிப்பிளைக் கழற்றிப் பாருங்கள். வெறும் சுத்தியைத் திரும்பத் திரும்பத் தட்டிவிட்டிருந்தால் அதன் வாய் காளான்போல விரிந்திருக்கும். டிரில்லில் பிடித்து 600 நம்பர் தாளால் இலேசாகத் தேய்த்தால் சரியாகும். உயரத்தைக் குறைத்துவிடாதீர்கள், பக்கவாட்டில் மட்டும். ரொம்ப விரிந்திருந்தால் புது நிப்பிள்தான் நல்லது, விலை அதிகமில்லை. ஆனால் மரை பார்த்து வாங்குங்கள். இத்தாலிய நகல்கள் பலவற்றில் 6 மில்லிமீட்டர் மரை, 0.75 இடைவெளி. அமெரிக்க மரையுள்ள நிப்பிள் இரண்டு சுற்றுப் போய் இறுகிக்கொள்ளும், அதற்கு மேல் முறுக்கினால் குழலின் மரை போய்விடும்.

கேப் சரியாக உட்கார்ந்தும் வெடிக்கவில்லை என்றால் சுத்தி நிப்பிளைத் தொடுகிறதா என்று பாருங்கள். மருந்து இல்லாத துப்பாக்கியில், நிப்பிள் முகத்தில் மை தடவி, மெல்லிய தோல் துண்டு ஒன்றை இடையில் வைத்துச் சுத்தியை இறக்குங்கள். மை நடுவில் பதிந்தால் சரி. ஓரத்தில் பதிந்தால் சுத்தி கோணலாக இறங்குகிறது. பதியவே இல்லை என்றால் சுத்தியின் குழியில் பழைய கேப் துணுக்கு சிக்கியிருக்கும், அல்லது சுத்தி வேறெங்கோ முட்டி நிற்கும். மலிவு டெரிஞ்சர் நகல்களில் பூட்டின் (சுத்தியை இயக்கும் பொறி) தகடு மரத்தில் உரசி ஸ்பிரிங்கின் வேகத்தைத் தின்றுவிடுவதும் உண்டு. பூட்டைக் கழற்றினால் மரத்தில் உரசிய இடம் பளபளவென்று தெரியும்.

கேப் வெடித்தது, உள்ளே மருந்து பற்றவில்லை

அதிகம் பேர் தவிப்பது இந்த இடத்தில்தான். நெருப்பு கேப்பிலிருந்து புறப்பட்டது, போய்ச் சேரவில்லை. வழியில் என்ன தடை என்பதுதான் கேள்வி.

பிலடெல்பியா டெரிஞ்சர் வகையில் நிப்பிள் குழலின் பக்கவாட்டில் ஒரு புடைப்பில் நிற்கிறது. நெருப்பு நிப்பிளுக்குள் கீழே இறங்கி, அங்கே ஒரு மூலையில் திரும்பி, அப்புறம்தான் மருந்தைச் சேர வேண்டும். அந்த மூலைதான் தொல்லை. துப்பாக்கியை எண்ணெய் போட்டு வாய் மேலாக நிறுத்தி வைத்திருந்தால், வாரக்கணக்கில் எண்ணெய் வடிந்து சரியாக அங்கே போய்த் தேங்கும். கடையில் புதிதாக வாங்கியதும் அப்படித்தான். துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய பிசுபிசுப்பு உள்ளே இருக்கும்.

முதலில் உடனடியாகச் செய்ய வேண்டியது. ஒரு நிமிடம் காத்திருங்கள். வெடித்த கேப்பை எடுத்துவிட்டு மெல்லிய பித்தளைக் கம்பியால் நிப்பிளின் துளையைக் குத்திவிடுங்கள். புதுக் கேப் போட்டு இலக்குப் பக்கம் மறுபடி சுடுங்கள். பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் இதிலேயே முடிந்துவிடும். முடியவில்லையா? இன்னொரு நிமிடம் காத்திருந்து, நிப்பிளைக் கழற்றி, அந்தக் குழியில் நுண்ணிய கருமருந்து சில மணிகளை விரலால் தூவி உள்ளே தட்டிவிடுங்கள். நிப்பிளைத் திரும்ப மாட்டி, கேப் போட்டுச் சுடுங்கள். இந்த வேலை முழுக்க முனை இலக்கைப் பார்த்தே இருக்க வேண்டும். குழல் வாய்க்கு முன்னால் உங்கள் கை வரவே கூடாது.

அதுவும் நடக்கவில்லை என்றால் மருந்து போடாமலேயே குண்டை இறக்கியிருக்கலாம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே கெட்டிக்கிறவர்கள் எல்லோருக்கும் இது நடக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, குண்டைக் குழலுக்குள் தள்ளும் கோலில் குறி வேண்டும்: வெறும் குழலில் கோல் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு கோடு, மருந்தும் குண்டும் சரியாக இருக்கும்போது எவ்வளவு என்று இன்னொரு கோடு. புதுத் துப்பாக்கியில் முதல் நாளே இந்த இரண்டு கோடுகளையும் கீறிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் பாதிப் பிரச்சினைகளுக்கு அந்தக் கோடுகள்தான் விடை சொல்லும்.

குண்டை வெளியே எடுக்க கார்பன் டை ஆக்சைடு அடைத்த டிஸ்சார்ஜர் ஒன்று கிடைக்கிறது. நிப்பிளில் பொருத்தி அழுத்தினால் குண்டு வெளியே வந்து விழும். முனை இலக்குப் பக்கம்தான் இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் கோலின் நுனியில் திருகாணி மாட்டி, ஈயத்துக்குள் திருகி இழுப்பார்கள். அதற்கு முன் நிப்பிள் குழி வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை நன்றாக ஊற வைத்துவிடுங்கள்.

இனி வராமல் இருக்க என்ன செய்வது? சுடத் தொடங்கும் முன் குழலில் ஆல்கஹால் நனைத்த துணி, அதன்பின் உலர்ந்த துணி. நிப்பிளையும் கழற்றி அதன் குழியை ஒரு பைப் கிளீனரால் துடையுங்கள். அப்புறம் மருந்து இல்லாமல் இரண்டு கேப் வெடியுங்கள். இரண்டாவதை வெடிக்கும்போது குழல் வாயைத் தரையில் ஒரு புல்லுக்கோ காய்ந்த இலைக்கோ நான்கு விரல் தூரத்தில் பிடியுங்கள். புல் சட்டென்று மடங்கி எழுந்தால் வழி திறந்திருக்கிறது. அசையவில்லை என்றால் எங்கோ அடைப்பு, மருந்து போடாதீர்கள். மருந்து போட்டதும் குண்டு வைக்கும் முன் குழலின் பக்கத்தில் கையால் இரண்டு தட்டுத் தட்டினால், சில மணிகள் அந்த மூலைக்குள் இறங்கிவிடும். டெரிஞ்சருக்கு இந்தத் தட்டல் ரொம்ப முக்கியம்.

மாற்று மருந்து பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். பைரோடெக்ஸ் பற்றிக்கொள்ள உண்மையான கருமருந்தைவிட அதிக வெப்பம் வேண்டும். பெரிய துப்பாக்கியில் தெரியாத இந்த வித்தியாசம் குட்டித் துப்பாக்கியில் தெரியும். என் கருத்தில், கருமருந்து கிடைக்கிற ஊரில் இந்த அளவுத் துப்பாக்கிக்கு மாற்று மருந்து தேவையே இல்லை. மூன்று எஃப் எனப்படும் நுண்மணிக் கருமருந்துதான் இவற்றுக்குப் பொருத்தம். ட்ரிபிள் செவன் என்ற மாற்று மருந்தைப் போடுவதென்றால் அதன் வலு கூடுதல் என்பதால் கொள்ளளவில் 15 சதவீதம் குறைக்க வேண்டும்.

விசை அழுத்தி, ஒரு நொடி கழித்து வெடிக்கிறது

மேலே சொன்ன கோளாறின் தம்பி இது. நெருப்பு போய்ச் சேர்கிறது, ஆனால் திணறிப் போகிறது. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் கசடு. சுடச்சுட மோசமாகிக்கொண்டே வந்தால் கசடு; முதல் குண்டிலேயே இருந்தால் எண்ணெய்.

கேப்புக்குப் பதில் சிக்கிமுக்கிக் கல் எஃகில் மோதிப் பொறி எழுப்பும் கல் பூட்டு வகை வைத்திருப்பவர்களுக்குக் காரணம் வேறாக இருக்கும். குழலுக்கு வெளியே பக்கத் துளையை ஒட்டி இருக்கும் தட்டில் மருந்தை மலையாகக் குவித்து, பக்கத் துளையையும் அதனால் அடைத்துவிட்டால், அது திரிபோல வரிசையாக எரிந்துதான் உள்ளே போகும். தட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். துளை வெறுமையாக இருக்கட்டும். தட்டில் எழும் சுவாலைதான் உள்ளே தாவ வேண்டும். கல் பூட்டுக்குக் கருமருந்து மட்டும்தான், மாற்று மருந்து அதில் ஒழுங்காகப் பற்றாது. பொறியே வரவில்லை என்றால் கல்லின் விளிம்பு மழுங்கியிருக்கும், அல்லது அது மோதும் எஃகுத் தகட்டில் எண்ணெய் இருக்கும். துடைத்துவிட்டு, கல்லின் விளிம்பைப் பித்தளைத் துண்டால் மெல்லத் தட்டிப் புது விளிம்பு எடுங்கள்.

"புஸ்" என்ற சத்தம், இலக்கில் துளை இல்லை

நிறுத்துங்கள். அடுத்த குண்டைக் கையில் எடுக்காதீர்கள்.

குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன்மேல் இன்னொன்றைச் சுட்டால் குழல் புடைத்துவிடும் அல்லது வெடித்துவிடும். ரிவால்வரில் இது இன்னும் ஏமாற்றும், ஏனென்றால் சிலிண்டர் சுழன்று அடுத்த அறை தயாராக வந்து நிற்கும்; குழலில் அடைப்பு இருப்பதே தெரியாது. ஒற்றைக்குண்டுத் துப்பாக்கியில் கோலை இறக்கிக் கோட்டைப் பாருங்கள். ரிவால்வரில் மற்ற அறைகளின் கேப்புகளை எல்லாம் எடுத்த பிறகு குழலில் கோலை விடுங்கள். சிலிண்டர் வரை தடையில்லாமல் போக வேண்டும்.

குழல் காலியாக இருந்தால் காரணத்தைத் தேடலாம். மருந்து ஈரம்பட்டிருக்கும், அல்லது கிரீஸ் கலந்திருக்கும். ரிவால்வர் அறையின் முகத்தில் பூசிய கிரீஸ் வெயிலில் உருகி, குண்டு தளர்வாக இருந்தால் உள்ளே வழிந்துவிடும். இன்னொரு காரணம், குண்டு மருந்தின் மேல் போய் உட்காராமல் நடுவில் நின்றிருப்பது. இதுதான் ஆபத்தானது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால் அழுத்தம் குண்டின் அடியில் குவிந்து குழலில் வளையமாகப் புடைப்பு விழும். வெளியே பார்த்தால் தெரியாது. உள்ளே துணி விடும்போது ஓரிடத்தில் கோல் சட்டென்று தளர்ந்து மறுபடி இறுகும். அந்தக் குழலைத் தகுதியுள்ள துப்பாக்கித் தச்சரிடம் காட்டாமல் சுடாதீர்கள்.

ரிவால்வரில் 10 கிரெய்னுக்கும் குறைவாகப் போட்டால் கெட்டிக்கும் நெம்புகோல் குண்டை மருந்துவரை தள்ளாமல் நின்றுவிடக்கூடும். குறைவாகச் சுட விரும்பினால் மேலே கம்பளி வட்டு அல்லது கொஞ்சம் சோள மாவு போட்டு அந்த இடத்தை நிரப்பிவிடுங்கள்.

நாலைந்து குண்டுக்குப் பிறகு அடுத்தது இறங்க மறுக்கிறது

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையாகப் போகும், மீதி குழலில் படியும். காற்று வறண்ட நாளில் அடிப்பிடித்த பால்போல இறுகிவிடும்; ஈரப்பதம் உள்ள நாளில் குழம்பாகக் கிடக்கும். வறண்ட நாள்தான் தொல்லை தருவது.

ஒவ்வொரு சூட்டுக்கும் இடையில், இலேசாக ஈரமான துணியை ஒரு முறை விட்டு எடுத்து, உலர்ந்த துணியை ஒரு முறை விடுங்கள். துணி சொட்டச் சொட்ட இருந்தால் அந்தத் தண்ணீர் நேராக நெருப்பு வழிக்குள் போகும். அடுத்த குண்டு வெடிக்காது. நாக்கில் தொட்டு எடுத்த அளவு ஈரம் போதும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: உள்ளே கனன்ற பொறி ஏதும் இருந்தால் அணைந்துவிடும். நேரமில்லை என்று சொல்ல முடியாது. வாய்வழித் துப்பாக்கிகளுக்கான சர்வதேசப் போட்டிகளிலேயே கைத்துப்பாக்கிக்கு 25 மீட்டர் தூரத்தில் 13 குண்டு சுட 30 நிமிடம் தருகிறார்கள். சிறந்த 10 கணக்கில் வரும். குண்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்கிறது.

துடைத்தும் இறுக்கமாகவே இருந்தால் என்ன உயவு போடுகிறீர்கள் என்று பாருங்கள். பெட்ரோலிய எண்ணெய், வண்டிக்குப் போடும் கிரீஸ் இவை எல்லாம் கருமருந்துக் கரியோடு சேர்ந்து தாராக மாறும். தேன்மெழுகோடு ஆலிவ் எண்ணெயோ விலங்குக் கொழுப்போ கலந்த களிம்பு நல்லது. அப்புறம், ஒற்றைக்குண்டுத் துப்பாக்கியில் குண்டைச் சுற்றி வைத்து இறக்கும் துணியின் தடிமன். 0.45 அங்குலக் குழலுக்கு 0.440 குண்டும் 0.015 அங்குலப் பருத்தித் துணியும் நல்ல தொடக்கம். இறங்கவில்லை என்றால் துணியை 0.010-க்கு மாற்றுங்கள், குண்டை மாற்றாதீர்கள். பாலியஸ்டர் கலந்த துணி உருகிக் குழலில் ஒட்டும்.

பாதியில் நின்ற குண்டை அடித்து இறக்கத் தோன்றும். கோலைக் குழல் வாய்க்கு அருகில் பிடித்துச் சிறுசிறு தள்ளலாகத் தள்ளுங்கள். மேலே பிடித்து ஓங்கித் தள்ளினால் கோல் முறிந்து உள்ளங்கையில் ஏறும். இறங்கவே இல்லை என்றால் அதைச் சுட்டு வெளியேற்ற நினைக்காதீர்கள். வெற்றிடம் பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். தண்ணீர் விட்டு ஊறவைத்து இழுத்துவிடுங்கள்.

குறி சிதறுகிறது

தரையைப் பாருங்கள். சுட்ட துணிகள் சில அடி தூரத்தில் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்து விரித்துப் பார்ப்பதுபோல நல்ல பரிசோதனை வேறில்லை.

நல்ல துணி வட்டமாக, முழுசாக இருக்கும். நடுவில் ஒரு கருப்பு வட்டம், அதைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம், ஓரம் மட்டும் நூல் பிரிந்திருக்கும். குழலுக்குள் வரிகள் வெட்டியிருந்தால் அவற்றின் தடமும் வளையத்தில் சீராகப் பதிந்திருக்கும். நடுவில் ஓட்டை விழுந்து ஓரம் கருகியிருந்தால் துணி எரிகிறது: உயவு போதவில்லை, துணி மெல்லியது, அல்லது மருந்து அதிகம். கருகாமல் கத்தியால் வெட்டினதுபோல நேர்கோடாகக் கிழிந்திருந்தால் அது எரியவில்லை, வெட்டுப்படுகிறது; குழல் வாயின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. புது நகல்களில் இது சகஜம். கட்டை விரலில் நுண் எமரித் தாளைச் சுற்றி, குழல் வாயில் வைத்துச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தால் விளிம்பு மழுங்கிவிடும். வேலை முடிந்ததும் எமரித் தூளைத் துடைத்து எடுங்கள். துணி ஒரு பக்கம் மட்டும் கருப்பாக இருந்தால் குண்டு நடுவில் உட்காரவில்லை.

ரிவால்வரில் துணி கிடையாது. அங்கே சிதறலுக்கு முதல் காரணம் அறைக்கு அறை மருந்தும் அழுத்தமும் மாறுவது. குண்டு சிதறாமல் ஒரே இடத்தில் கூடி, ஆனால் மேலே விழுந்தால் அது கோளாறே இல்லை. கோல்ட் வகைகளில் முன்குறி குட்டையானது, பின்குறி சுத்தியில் வெட்டிய ஒரு பள்ளம். கிட்டத்தில் சுட்டால் மேலேதான் போகும். உயரமான முன்குறி போடலாம், அல்லது கீழே குறி வைக்கப் பழகிக்கொள்ளலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். டெரிஞ்சருக்கு இந்தப் பேச்சே வேண்டாம். இரண்டரை அங்குலக் குழல். அது சீட்டாட்ட மேசைக்கு எதிரே இருப்பவரைச் சுடச் செய்தது. ஐந்து மீட்டரில் ஒரு தட்டு அளவு இடத்தில் விழுந்தால் துப்பாக்கி சரியாக இருக்கிறது.

ஒரு விசைக்கு இரண்டு அறை வெடித்தது

ரிவால்வரில் மட்டும் வருவது, பயமுறுத்தக்கூடியது. பக்கத்து அறையின் குண்டு குழலில் போகாமல் துப்பாக்கியின் உடற்சட்டத்தை உரசிக்கொண்டு வெளியே பறக்கும்.

நெருப்பு முன்னாலிருந்து போனதா, பின்னாலிருந்து போனதா என்று சுடுகிறவர்கள் வெகுகாலமாக வாதாடுகிறார்கள். இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டால் வாதம் தேவையில்லை. முன்பக்கம்: குண்டு அறையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். 0.31-க்கு 0.319 முதல் 0.321 வரை. கெட்டிக்கும்போது அறையின் விளிம்பில் மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவப்பட்டுக் கழன்று விழ வேண்டும். முழு வளையமாக விழுந்தால் அறை அடைபட்டது; அரை வளையம் வந்தாலோ வளையமே வராவிட்டாலோ பெரிய குண்டு வாங்குங்கள். குண்டு சுத்த ஈயமாக இருக்கட்டும். டயர்க்கடை ஈயம் கடினமானது, நெம்புகோலை வளைத்துவிடும். குண்டுக்குக் கீழே உயவு ஊறிய கம்பளி வட்டு வைப்பது எனக்குப் பிடித்த முறை, ஏனென்றால் மேலே பூசும் கிரீஸ் முதல் குண்டிலேயே பாதி பறந்துவிடுகிறது. பின்பக்கம்: கேப் நிப்பிளோடு இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்த கேப்பை விரலால் நசுக்கி ஒட்டவைப்பது பழக்கத்தில் இருந்தாலும், சரியான அளவுக் கேப் வாங்குவதுதான் வழி.

சிலிண்டர் சுழல மாட்டேன் என்கிறது, சுத்தி பின்னால் வர மாட்டேன் என்கிறது

திடீரென்று மாட்டிக்கொண்டால் கேப் துணுக்கு. வெடித்த கேப்பின் செம்புத் துண்டு சுத்தியின் பள்ளத்துக்குள் விழுந்து நிற்கும். பலவந்தமாக இழுக்காதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் உடையும். முனை இலக்குப் பக்கமே இருக்க, மெல்லிய இடுக்கியால் துண்டை எடுங்கள். அடிக்கடி நடந்தால் நிப்பிளின் துளை தேய்ந்து பெரிதாகிவிட்டது. அதன் வழியே அதிக அழுத்தம் பின்னால் வந்து கேப்பைக் கிழிக்கிறது. நிப்பிளை மாற்றினால் நிற்கும். சுத்தியை இழுக்கும்போது முனையை இலக்கு மேட்டை விட்டு விலகாமல் சற்று உயர்த்திப் பிடித்தால் துண்டுகள் வெளியே விழும். உங்கள் ரேஞ்ச் அதை அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மெதுமெதுவாக இறுகிக்கொண்டே வந்தால் நடு அச்சில் கரி. கோல்டின் அச்சில் அதற்காகவே பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள், அவற்றில் களிம்பை நிரப்பி வையுங்கள். புதுத் துப்பாக்கியில் முதலிலிருந்தே இறுக்கம் என்றால், குழலைப் பிடித்திருக்கும் ஆப்பை அதிகம் அடித்து இறக்கியிருப்பீர்கள். கட்டை விரலால் தள்ளுகிற அளவே போதும்.

சுத்தி பாதி நிலையில் நிற்காமல் நழுவுகிறது

இதை வீட்டில் சரிசெய்யாதீர்கள். சுத்தியை நிறுத்திப் பிடிக்கும் பல்லை அரம் போட்டுத் தேய்த்தால் இன்று நிற்கும், நாளை கேப் மாட்டும்போது நழுவும். துப்பாக்கித் தச்சரிடம் கொடுங்கள். அதுவரை சுட வேண்டாம்.

அடுத்த நாள் பார்த்தால் குழலுக்குள் செந்நிறம்

அன்றைக்கே கழுவவில்லை. கருமருந்துச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் இருக்கின்றன. அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டிவிடும். பைரோடெக்ஸ் கரி இன்னும் மோசம்.

நவீனத் துப்பாக்கிக்கு விற்கும் கரைப்பான் மட்டும் போதாது. இந்த உப்புகள் தண்ணீரில்தான் கரையும். நிப்பிளைக் கழற்றி, குழலின் அடியை வெந்நீரும் பாத்திரச் சோப்பும் உள்ள கிண்ணத்தில் நிறுத்தி, துணி சுற்றிய கோலைப் பம்புபோல மேலும் கீழும் இழுங்கள். நிப்பிள் குழி வழியே கருப்புத் தண்ணீர் பீறிடும், அழுகிய முட்டை நாற்றம் வரும், அது கந்தகம். தண்ணீர் தெளிந்து, நாற்றமும் போகும்வரை இழுங்கள். உலர்ந்த துணிகள், அப்புறம் இலேசாக எண்ணெய்த் துணி. நிப்பிள் மரையில் கொஞ்சம் களிம்பு தடவி விரலால் இறுக்கிவிட்டு, கால் சுற்று மட்டும் சாவியால் திருகுங்கள். கையில் ஈயம் இருக்கும், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

துருத் தொடங்கிவிட்டது என்றால் எண்ணெய் தோய்த்த பித்தளைத் தூரிகையால் தேய்த்து எடுக்கலாம். குழி விழுந்திருந்தால் அது போகாது, ஆனால் இன்னும் வளராமல் தடுக்கலாம். கழுவிய இரண்டாம் நாள் மறுபடி ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பாருங்கள். மஞ்சளோ பழுப்போ வந்தால் இன்னொரு முறை வெந்நீர். வெள்ளையாகவே வந்தால் எண்ணெய்த் துணியை ஒரு முறை விட்டு, வாய் கீழாக வைத்துவிடுங்கள்.